அம்மா கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிவிட்டால் முட்டிவலி குறையுமா?

பெங்களூரிலோ சென்னையிலோ வேலை. சொந்த ஊர் ஆலங்குடி, கீரனூர், பொன்னமராவதி என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கோ ஒரு பக்கம். அம்மாவுக்கு இரண்டு வருஷமாக முட்டிவலி. டாக்டர் "தேய்மானம், நல்லா நடங்க, உடற்பயிற்சி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளை ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக்கொண்டு போகிறது. அம்மாவின் போனில் ஆப்பை ஏற்றி, கையில் கட்டிவிட்டு, "தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறது.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். மூன்றாவது வாரம் போனில் விசாரணை ஆரம்பிக்கும். "ஏம்மா, நேத்து வெறும் 1,900தான் காட்டுது?" ஒரு மாதம் கழித்து, "வாட்ச் எங்கம்மா?" என்று கேட்டால், "அது பீரோவுல பத்திரமா இருக்குடி!"

இந்தக் கதை பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளைக்கு அம்மா சோம்பேறித்தனம் பண்ணுவதாகத் தோன்றுகிறது. அம்மாவுக்கோ, பாசமாக வாங்கித் தந்த பொருள் கண்காணிப்பு கேமரா மாதிரி ஆகிவிட்டதாகத் தோன்றுகிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அந்த வாட்ச் எதை எண்ணுகிறது, முட்டிக்கு எது தேவை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சைக்கிள் தலைமுறையின் முட்டி

புதுக்கோட்டை அம்மாக்களைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. இந்தியாவிலேயே உடல் உழைப்பும் துணிச்சலும் சேர்ந்த பெரிய மாற்றம் ஒன்றைச் செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்து, கிராமப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் இயக்கம் கையில் எடுத்தது. குவாரி வேலைக்குப் போகிறவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் பெடலை மிதித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாக பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். குழந்தையை அந்தப் பாரில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. சாய்நாத்தின் அந்தக் கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது. வடநாட்டுப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பாடமாகப் படித்தார்கள் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது.

1992-ல் 25 வயதில் கேரியரைப் பிடித்து ஒருவர் பின்னால் ஓடிவர சைக்கிள் கற்றுக்கொண்ட பெண், இன்று அறுபதை ஒட்டி இருப்பார். முழங்கால் மூட்டுத் தேய்மானம் கதவைத் தட்டும் வயசு அது. இந்தியாவின் பல ஊர்களில் எடுத்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்தவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. பெண்களிடம் அது அதிகம். அதிக எடை, வயது, உட்கார்ந்தே செய்யும் வேலை போன்றவை சேரும்போது வாய்ப்பு கூடுகிறது.

இன்னொரு செய்தி கொஞ்சம் சந்தோஷமானது. அமெரிக்காவில் 2,600 பேருக்கு மேல் கேட்டு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையில் எப்போதாவது தொடர்ந்து சைக்கிள் ஓட்டியவர்களுக்கு, ஓட்டாதவர்களைவிட அடிக்கடி முட்டிவலி வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. சைக்கிள்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சைக்கிள் ஓட்டினால் முட்டி தேய்ந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை என்பதற்கு இது போதும்.

'தேய்மானம்' என்ற சொல்லே ஒரு பிரச்னை

ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தேய்மானம். செருப்பு தேயும், டயர் தேயும். நடக்க நடக்கத்தானே தேயும்? அப்படியானால் நடக்காமல் இருந்தால் மிச்சமாகும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? "முட்டி தேஞ்சுபோச்சு, இனி கொஞ்சம் அலுங்காம இருக்கணும்" என்று அம்மா சொல்வது அந்தச் சொல்லிலிருந்தே வரும் தர்க்கம்.

மூட்டு டயர் அல்ல. எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். காலை மடக்கி நீட்டும்போது, எடையை ஏற்றி இறக்கும்போது, ஸ்பாஞ்சைப் பிழிந்து விடுவது போல அந்தத் திரவம் உள்ளே வெளியே போய் வருகிறது. அசையாமல் வைத்தால் அதுவும் நின்றுபோகும். கூடவே தொடைத் தசை மெலியும். தொடைத் தசை மெலிந்தால் படி ஏறும்போது வரும் அதிர்ச்சியையெல்லாம் மூட்டே வாங்க வேண்டும். வலி கூடும். வலி கூடினால் இன்னும் அசைய மாட்டார்கள்.

அதனால்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் உடற்பயிற்சியைச் சிகிச்சையாகவே சொல்கிறது. தொடங்கும்போது வலி கொஞ்சம் கூடலாம், விடாமல் செய்தால் பலன் கூடும் என்பதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. நம்மூரில் விட்டுப்போகிற வாக்கியம் இதுதான். "நடங்க" என்பதோடு டாக்டர் சீட்டு முடிந்துவிடுகிறது. இரண்டாம் நாள் வலித்தால் "நடந்ததால வலி ஜாஸ்தியாயிடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

வாட்ச் எண்ணாத விஷயங்கள்

சரி, வாட்சுக்கு வருவோம். மணிக்கட்டில் கட்டும் கருவி கையின் அசைவை வைத்து நடையைக் கணக்கிடுகிறது. நிதானமாக, தாங்கித் தாங்கி நடப்பவரின் ஸ்டெப்ஸை இவை குறைவாகவே எண்ணும். முட்டிவலிக்காரர் நடப்பதே அப்படித்தானே. இடுப்பில் ஒரு குடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும், வாக்கரைப் பிடித்து நடந்தாலும் கை அசையாது, எண்ணிக்கை குறையும். மறுபக்கம், ஆதனக்கோட்டையில் உட்கார்ந்த இடத்தில் முந்திரி உடைப்பவர் கையில் கட்டினால், கை அசையும் வேகத்துக்குக் கொஞ்சம் ஸ்டெப்ஸ் ஏறினாலும் ஆச்சரியமில்லை. கால் இரண்டும் மடங்கியே இருக்கும்.

சைக்கிள்? கை ஹேண்டில்பாரில் நிலையாக இருக்கும். சைக்கிள் மோடைத் தேடி ஆன் செய்யாவிட்டால், மூன்று கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்தாலும் வாட்ச் அதை நடையாக எண்ணப்போவதில்லை. புதுக்கோட்டைப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேண்டாம்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். பெரிய ஓட்டை வேறு. முட்டிக்கு மிகவும் தேவையான பயிற்சி தொடைத் தசையை வலுவாக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி பிடித்து இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது போன்றவை. அம்மா இதைக் காலையில் பத்து, மாலையில் பத்து என்று ஒழுங்காகச் செய்தாலும் ஸ்டெப்ஸ் கணக்கில் ஒரு அடிகூட ஏறாது. வாட்ச் பார்க்கிற மகளுக்கு அம்மா இன்றைக்கு எதுவுமே பண்ணவில்லை.

பத்தாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானில், 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சூட்டோடு 1965-ல் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து. 'மான்போ-கே' என்றால் பத்தாயிரம் அடி மீட்டர். சொல்வதற்கு நன்றாக இருந்த விளம்பர எண், அறுபது வருஷமாக மருத்துவ உண்மை மாதிரி உலவுகிறது. முட்டிவலி உள்ளவர்களுக்கு வேறு கணக்கு உண்டு. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழங்கால் தேய்மானம் உள்ள அல்லது வரக்கூடிய 1,788 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். நாளுக்கு 6,000 அடி அளவில் நடந்தவர்களுக்கு, எழுவது, நடப்பது, படி ஏறுவது போன்ற அன்றாடத் திறன் குறையும் ஆபத்து குறைவாக இருந்தது. இப்போது மிகக் குறைவாக நடப்பவர்கள் 3,000-ல் தொடங்கலாம் என்பதும் அவர்கள் ஆலோசனை. அந்த 6,000-ல் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடப்பதும் சேரும்.

ஆக, 10,000 என்று செட் செய்து கொடுத்த வாட்ச், 3,200 நடந்த அம்மாவைத் தினமும் ராத்திரி தோற்றுப்போனவராகத் தூங்க அனுப்புகிறது. பீரோவில் வைத்துப் பூட்டாமல் வேறென்ன செய்வார்?

உத்தரவு வேறு, விசாரிப்பு வேறு

கருவியைக் கட்டினாலே பழக்கம் வந்துவிடுமா என்பதை சிங்கப்பூரில் சோதித்துப் பார்த்தார்கள். 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்கள். சிலருக்கு ஃபிட்பிட் மட்டும், சிலருக்கு ஃபிட்பிட்டோடு ஆறு மாதத்துக்குப் பண ஊக்கத்தொகை. 2016-ல் வந்த முடிவு இது: ஆறு மாதத்துக்குள் சுமார் 40 சதவீதம் பேர் கருவியைக் கழற்றிவிட்டார்கள். ஒரு வருடம் முடிவில் பத்தில் ஒருவர்தான் கட்டியிருந்தார். பணம் கிடைத்தவரை நடந்தவர்கள், பணம் நின்றதும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. இவர்கள் முட்டிவலிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு சோதனை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 206 பேர். ஒரு பாதிப் பேருக்கு நோயைப் பற்றிய தகவல் இணையதளம் மட்டும். மறுபாதிக்கு அதோடு 24 வாரத் தசைப் பயிற்சித் திட்டமும், போனில் தானாக வரும் எஸ்.எம்.எஸ்.களும். வாட்ச் விலைகூட இல்லாத ஏற்பாடு. 2021-ல் வெளியான முடிவின்படி, எஸ்.எம்.எஸ். பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி உணரும்படி குறைந்தது. மற்றவர்களில் 42 சதவீதம்.

ஒரு எஸ்.எம்.எஸ். எப்படி இதைச் செய்தது? "எழுந்து நட" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. இந்த வாரம் எத்தனை முறை பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டது. குறைவு என்று பதில் வந்தால், என்ன தடுத்தது என்று கேட்டது. வலியா, மறதியா, நேரமில்லையா? சொல்லும் பதிலுக்கு ஏற்ற யோசனை திரும்ப வந்தது. ஃபிட்பிட் போன்ற கருவிகளின் நினைவூட்டல் இப்படி இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் 250 அடி வராவிட்டால், மணி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது கையில் அதிரும். அம்மா அப்போது கோயிலில் உட்கார்ந்திருக்கிறாரா, வலியில் படுத்திருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. பல மலிவு பேண்டுகளில் வரும் செய்தி ஆங்கிலத்தில் வேறு. கையில் எதற்கு விர்ருங்குது என்றே புரியாத அம்மாக்கள் உண்டு.

ஆகவே நினைவூட்டல் வேலை செய்யும், ஆனால் அது 'ஏன் முடியல?' என்று கேட்க வேண்டும். கேட்டதற்கு வரும் பதிலுக்கு மதிப்பும் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டையில் அந்தப் பதில்கள் என்னவாக இருக்கும் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. மார்ச் தொடங்கினால் எட்டு மணிக்கே வெயில். தெருநாய். நூறுநாள் வேலைக்குப் போய் வந்து கால் ஓய்ந்துவிட்டது. 'வயசான காலத்துல இவளுக்கு வாக்கிங் கேக்குதாம்' என்ற பேச்சு. கடைசிக் காரணத்தைச் சிரித்துக் கடந்துவிட வேண்டாம். 1991-ல் சைக்கிள் ஏறியபோதும் கேலி இருந்தது. அன்று அதைத் தாண்ட முடிந்ததற்குக் காரணம், ஒருத்தி தனியாக ஏறவில்லை. ஊரோடு ஏறினார்கள்.

யார் கேட்பது?

அந்த அறிவொளிக் காலத்தில் கேரியரைப் பிடித்து ஓடிவர ஒரு ஆள் இருந்தார். இன்றைக்கு அந்த ஆள் யார்?

ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சுகர், பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரை இன்று கிராமங்களில் தெரியாதவர்கள் குறைவு. இதே திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடும் உண்டு, வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கில். இத்திட்டத்துக்கு 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள், 497 ஊராட்சிகள். வட்டாரத்துக்கு ஒருவர் என்றால், ஒருவர் தலையில் சராசரியாக 38 ஊராட்சிகள். பக்கவாதம் வந்து படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பாரா, நடமாடிக்கொண்டிருக்கும் முட்டிவலி அம்மாவைப் பார்ப்பாரா? முன்னவரைத்தான் பார்க்க வேண்டும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் முட்டிவலிக்காரருக்கு வாராவாரம் பிசியோ தேவையில்லை. ஒருமுறை சரியாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர், நடுவில் விடாமல் விசாரிக்க ஒருவர் இருந்தால் போதும். இரண்டாவது வேலையை, மாத்திரை கொடுக்க வரும் தன்னார்வலரின் நோட்டில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துத் தொடங்கிவிடலாம். "காலை நீட்டுற பயிற்சி வாரத்துல எத்தனை நாள் செஞ்சீங்க? ஏன் முடியல?" நடுவில் வரும் வாரங்களுக்கு தமிழில் ஒரு தானியங்கி அழைப்பு. மெல்பர்னில் எஸ்.எம்.எஸ். செய்ததை இங்கே குரல் செய்யட்டும். தன்னார்வலருக்கு இது கூடுதல் வேலை, அதற்கான ஊதியமும் கூட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த யோசனை வெறும் வாய்ப்பந்தல்.

2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் எட்டு கிலோமீட்டர் என்பது தோராயமாகப் பத்தாயிரம் அடிக்கு மேல். ஏற்கெனவே நன்றாக நடக்கிறவருக்கான பாதை அது. முட்டிவலியோடு வருபவருக்கு, "இங்கிருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் போய் உட்காருங்க, திரும்பி வாங்க" என்று சொல்லும் 400 மீட்டர் பாதையும், நடுவில் இரண்டு பெஞ்சும் வேண்டும்.

வாங்கிவிட்டேன், இப்போ என்ன செய்ய?

வாட்சைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். முதலில் கோலை மாற்றுங்கள். அம்மா ஒரு வாரம் வழக்கம்போல் இருக்கட்டும், சராசரி எவ்வளவு என்று பாருங்கள். 2,000 வந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்கு 2,500 போதும். வாட்ச் குறைத்து எண்ணினாலும் பரவாயில்லை, தினமும் ஒரே மாதிரி குறைத்தால் ஏற்றம் தெரிந்துவிடும். மணிக்கொருமுறை அதிரும் ரிமைண்டரை ஆஃப் செய்துவிடுங்கள்.

அதற்குப் பதில் போனில் இரண்டே இரண்டு அலாரம். காலைக் காபிக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் சீரியல் நேரத்தில் ஒன்று. அலாரம் சத்தத்துக்குப் பதிலாக உங்கள் குரலையோ பேரப்பிள்ளையின் குரலையோ பதிந்து வைக்கலாம். சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் பயிற்சியே முடிந்துவிடும். சின்னத்திரை இவ்வளவு உபகாரம் செய்து பார்த்ததில்லை. நாற்காலி நகராமல் சுவரோடு ஒட்டி இருக்க வேண்டும், உயரம் அம்மாவின் முழங்கால் மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது.

எவ்வளவு வலித்தால் நிறுத்துவது? பிசியோதெரபிஸ்டுகள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அம்மாவையே கேளுங்கள். ஐந்துக்குள் இருந்து, மறுநாளுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் விட்டுவிடத் தேவையில்லை, எண்ணிக்கையைப் பாதியாக்கினால் போதும். முட்டி சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கால் திடீரென்று மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ அலாரத்தை அணைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். காலையில் எழுந்ததும் விரல்களும் மணிக்கட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்தே இருந்தால் அது தேய்மானமாக இல்லாமல் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, தாமதிக்கவும் கூடாது.

வாரம் ஒருமுறை போன் பேசும்போது எண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். "படி ஏறும்போது எப்படிம்மா இருக்கு? பஸ்ஸுல ஏற முடியுதா?" என்று கேளுங்கள். ஸ்டெப்ஸ் கணக்கை பிசியோவிடமோ டாக்டரிடமோ அம்மாவே காட்டட்டும். ஆப்பின் பாஸ்வேர்டு அம்மாவிடம் இருக்கட்டும், உங்களுடன் பகிரலாமா வேண்டாமா என்பதும் அவர் முடிவாக இருக்கட்டும்.

திண்ணை ஓரத்தில் அந்தப் பழைய சைக்கிள் இன்னும் சாய்ந்து கிடந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டியூபை மாற்றி, சீட்டை ஏற்றி வையுங்கள். மிதிக்கும்போது கால் கிட்டத்தட்ட நீளும் உயரத்துக்கு சீட் இருந்தால் முட்டிக்குச் சுமை குறையும். வருஷக்கணக்கில் ஏறாதவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, விடிகாலையில், வண்டி வராத தெருவில் ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாளைக்கு கேரியரை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.